நடுக்கத்துக்கு மூணு பேரு

— ஆவணியில மொத முகூர்த்தத்துலயே முடிச்சுருவோம் கற்பகம். ஆடி மட்டும் கழியட்டும். மண்டபம் பாக்குறது உம் பொறுப்பு. பிரீத்திகா நாலு நாளா மொகமே சரியில்லாம வேலைக்குப் போறா. தேதி குறிச்சாச்சுன்னு சாயந்தரம் சொன்னா தெளிஞ்சுருவா.

— மதினி, நான் தேதி குறிக்க வரல.

— பின்ன எதுக்கு வந்த? உம் புருசன் போய் ஏழு வருசமாச்சு. அன்னையிலருந்து இந்த நாரணாபுரத்துப் பக்கமே தலகாட்டாதவ, இன்னைக்குத் திருத்தங்கல்லருந்து மொத பஸ்ஸப் புடிச்சு வந்துருக்க. எந் தம்பி மகனுக்கும் எம் மகளுக்கும் பொறந்தப்பவே பேசுனது. கல்யாணப் பேச்ச விட்டா நமக்குள்ள வேறென்ன இருக்கு?

— அந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். இந்தா பாருங்க, டம்ளர ரெண்டு கையாலயும் புடிங்க. காப்பி சேலையில சிந்துது.

— சிந்துனா சிந்தட்டும். யாரு வேண்டாம்ங்கிறது? நீயா, உம் மகன் மணிகண்டராஜா?

— அவந்தான்.

— எவளையாச்சும் பாத்துட்டானா?

— அப்பிடி இருந்தாக்கூட நான் நிம்மதியா இருந்துருப்பேன் மதினி.

— சுத்தி வளைக்காத. நான் பொம்பளப் பிள்ளயப் பெத்தவ. நேராச் சொல்லு.

— சித்திரையிலருந்து அவன் கை சரியில்ல. பிரஸ்ல அவந்தான் மிஷின் பாக்கான். பள்ளிக்கூட நோட்டு ஆர்டரு குவியுற நேரம். தாள அடுக்கும்போது வெரலு தானா வெட்டி இழுக்குதுன்னான். ஓய்வு இல்லாம வேல பாக்குறதால இருக்கும்னு நெனச்சேன். ஒருநா கஞ்சி குடிக்க உக்காந்தவன் தோளு ஒரு குலுக்குக் குலுக்குச்சு. அவுக அப்பாவுக்கும் அப்பிடித்தான ஆரம்பிச்சது.

— குடிக்கிறானா?

— இதத்தான் நானும் மொதல்ல கேட்டேன். பெத்த தாயி கேக்கக்கூடாத கேள்வி. 'அம்மா, அப்பாகிட்டயும் நீ இதத்தான கேட்ட'ன்னு ஒரு வார்த்த சொன்னான். பிரஸ்லயும் பேச ஆரம்பிச்சுட்டாகளாம், அப்பன் ரத்தம் எங்க போகும்னு. இப்ப டாக்டர் சீட்ட நாலா மடிச்சு சட்டப்பையில வச்சுக்கிட்டுத் திரியுறான். எவனாச்சும் கேட்டா எடுத்துக் காட்டுறதுக்காம்.

— டாக்டர்ட்டப் போனீகளா?

— மதுரைக்குப் போனோம். நரம்பு பாக்குற டாக்டரம்மா. ரத்தத்த எடுத்து வெளியூருக்கு அனுப்பிட்டு ஒரு மாசம் கழிச்சு வரச் சொன்னாக. அன்னைக்கே, வீட்டுல வேற யாருக்கும் இப்பிடி இருந்துச்சான்னு கேட்டாக. அவுக அப்பாவப் பத்திச் சொன்னேன். குடிச்சுக் குடிச்சு நரம்பு தளந்து போச்சுன்னு சொன்னேன். அந்தம்மா எம் மொகத்தையே பாத்தாக. 'குடிச்சதுக்கப்புறம் நடுங்குனாரா, நடுங்குனதுக்கப்புறம் குடிச்சாரா?' அம்புட்டுத்தான் கேட்டாக. எனக்குப் பதில் தெரியும் மதினி. தெரிஞ்சும் எந்திரிச்சு வந்துட்டேன்.

— பழசக் கிளறாத. எந் தம்பி போய்ச் சேந்துட்டான்.

— கிளறத்தான் வந்துருக்கேன். ரத்தத்துல இருக்குன்னு சொல்லிட்டாக. மூளை நரம்பு நோயாம். பரம்பரையா வர்றதாம். கை கால் தன்னால ஆடும், நட தள்ளாடும், பேச்சு கொளறும், காரணமில்லாம கோவம் வரும். நின்னுபோக மருந்து கெடையாது, நடுக்கத்தக் கொஞ்சம் அடக்கி வைக்கலாம், அம்புட்டுத்தான்னாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வர்ற வழியில மணிகண்டராஜுதான் வெளக்குனான். 'அம்மா, நம்ம ஒடம்புக்குள்ள ஒரு பெரிய புஸ்தகம் இருக்குன்னு வச்சுக்கோ. அதுல ஒரு எடத்துல ஒரே வார்த்த திரும்பத் திரும்ப விழுந்துருச்சு. அப்பாவோட புஸ்தகத்தப் பாத்துத்தான் என்னையும் அச்சடிச்சுருக்காக. பிழையும் சேந்து வந்துருச்சு'ன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான்.

— அய்யோ, எந் தங்கம்.

— அழாதீக, இன்னும் இருக்கு. அப்பா வழியில வந்துச்சுன்னா, உங்க தம்பிக்கு எங்கருந்து வந்துச்சு? உங்க அய்யாகிட்டருந்துதான?

— எங்க அய்யாவ முனி அடிச்சுச்சு. உச்சி வெயில்ல கரிசக்காட்டுல தனியாப் போனவர அடிச்சுருச்சு, ஊருக்கே தெரியும். கால இழுத்து இழுத்து நடந்தாரு, கைய வீசுனாரு, கண்டதையும் பேசுனாரு. மூணு வருசம் மாட்டுக்கொட்டத்துல சங்கிலி போட்டுக் கட்டி வச்சோம். வேப்பெலையால அடிக்காத நாளு கெடையாது. நானும் தம்பி சுந்தரபாண்டியும்தான் கஞ்சி கொண்டு போவோம். எனக்குக் கிட்டப் போகப் பயம். அவன் சின்னப் பய, ஆனா பயப்பட மாட்டான். ஆடுற கைய ஒரு கையால புடிச்சுக்கிட்டு மறு கையால ஊட்டுவான்.

— அவரு கை எப்பிடி ஆடுச்சு மதினி? இப்ப உங்க மடியில கெடக்குற கை ஆடுதே, இப்பிடியா?

— இது ஆத்தா.

— மதினி...

— இது இருக்கன்குடி ஆத்தா எங்கிட்ட வந்த நடுக்கம். செவ்வாயும் வெள்ளியும் இந்த வாசல்ல எத்தன பேரு விழுந்து கும்பிடுறாகன்னு ரோட்டுல போய்க் கேளு. பட்டாசு ஆபீஸ் மொதலாளி வீட்டுப் பொம்பளைக கார்ல வந்து எங்கிட்ட குறி கேக்காக. சீக்காளி கால்லயா விழுவாக? வாயக் கழுவிட்டுப் பேசு.

— ஆத்தாள நான் ஒண்ணும் சொல்லல. நானும் உங்க கால்ல விழுந்தவதான். ஆனா இந்தா பாருங்க, இன்னைக்குப் புதன்கெழம. கொட்டு இல்ல, சாம்பிராணி இல்ல, நாம ரெண்டு பேரு உக்காந்து பேசிக்கிட்டுத்தான் இருக்கோம். கை ஆடுதே.

— ஆடட்டும்.

— ஒரே சீக்குதான் மதினி. உங்க அய்யாவுக்கு வந்தப்ப முனின்னோம். உங்க தம்பிக்கு வந்தப்ப குடின்னோம். உங்களுக்கு வந்தப்ப சாமின்னோம். நடுக்கம் ஒண்ணுதான், நாமதான் மூணு பேரு வச்சோம். வச்ச பேருக்குத் தக்கன அவுக அவுக பொழப்பு மாறிருச்சு. போன வருசம் கோவத்துல ஒரு பித்தளச் சொம்ப விட்டெறிஞ்சீகளாமே, ஒருத்தர் நெத்தியில பட்டு ரத்தம் வந்துச்சாமே. ஆத்தா கை பட்டுருச்சுன்னு அந்த ஆளு சந்தோசமா வீட்டுக்குப் போனாராம். எனக்குப் பிரீத்திகாதான் சொன்னா. அதே கோவத்துல உங்க தம்பி சோத்துத் தட்டத் தள்ளிவிட்டாக. நான் வெளக்கமாத்த எடுத்து அடிச்சேன்.

— போதும் கற்பகம்.

— போனதுக்காகச் சொல்லல, வரப்போறதுக்காகச் சொல்றேன். பெத்தவுகளுக்கு இருந்தா பிள்ளைகளுக்குப் பாதிக்குப் பாதியாம். பூவா தலையா மாதிரி. மணிகண்டராஜுக்கு விழுந்துருச்சு. பிரீத்திகாவுக்கு விழுந்துருக்கலாம், விழாமயும் இருக்கலாம்.

— எம் மகள இதுல இழுக்காத.

— அவ எனக்கும் மகதான். இவன் ஏன் வேண்டாம்ங்கிறான் தெரியுமா? 'ஒரு கையால அத்தைக்கும் மறு கையால எனக்கும் சோறு ஊட்டிக்கிட்டு, எங்க ரெண்டு பேரையும் பாத்துப் பாத்து, தனக்கு எப்ப வரும்னு நெனச்சுக்கிட்டே கெடக்கவா அவ பொறந்தா? நான் இல்லாத எடத்துல அவ இருக்கட்டும்மா'ங்கிறான். நாலு நாளா அவ கூப்புட்டாலும் இவன் போன எடுக்கல. அதான் அவ மொகம் வாடிக் கெடக்கு. போன் அடிக்கிறப்பல்லாம் அதக் கையில வச்சுக்கிட்டு, ஓயுற வரைக்கும் பாத்துக்கிட்டே இருக்கான். எடும்பேன். தலைய ஆட்டுவான்.

— இவ இங்கிட்டுச் சாப்பிடாம கெடக்கா, அவன் அங்கிட்டா...

— அவனுக்குத் தைரியம் இல்ல. நீ போய்ச் சொல்லும்மான்னு என்னைய அனுப்பிட்டான்.

— பிரீத்திகாகிட்ட சொல்லிராத. உன்னயக் கையெடுத்துக் கும்பிடுறேன் கற்பகம். இவன் இல்லன்னா வேற மாப்பிள்ள பாத்துக்கிடுவேன். ஆனா இது வெளிய தெரிஞ்சா அவள எவன் கட்டுவான்? ஆத்தா வர்ற வீடுன்னு இருக்குற வரைக்குந்தான் எங்களுக்கு மதிப்பு. சீக்கு வர்ற வீடுன்னு ஆயிருச்சுன்னா, காலண்டர் கம்பெனியில அவ பக்கத்துல உக்காந்து எவளும் சோறு திங்க மாட்டா.

— தெரியாமக் கட்டிக்கிட்டு, ஒரு பிள்ளயப் பெத்து, அதுவும் ஆடுனா? இது ஒட்டுற சீக்கு இல்ல மதினி. சொல்லிப் புரிய வைக்கலாம். டாக்டரம்மா உங்களையும் ஒருக்கக் கூட்டிட்டு வரச் சொன்னாக. உங்களுக்கும் இதேதான்னு தெரிஞ்சாத்தான் பிரீத்திகாவுக்கு அதப் பத்திச் சொல்ல முடியுமாம். சோதிச்சுப் பாக்கணுமா வேண்டாமாங்கிறத அவதான் முடிவு பண்ணணுமாம். நாம இல்லையாம்.

— நான் வரமாட்டேன்.

— இன்னைக்கே வர வேண்டாம். யோசிங்க. நான் யாரையும் கட்டாயப்படுத்த வரல. குத்தம் சொல்லவும் வரல. குத்தம் பூராவும் எம்மேலதான்.

— உம்மேல என்ன குத்தம்?

— இருவத்தோரு வருசம் அவுக கூட வாழ்ந்தவ நான். பட்டாசு ஆபீஸ் மருந்து ரூம்ல கை வெட்டி இழுத்து, வெடிமருந்துக் கலவ தரையில கொட்டுனப்ப மொதலாளி வெளிய அனுப்பிட்டாரு. அவரையும் குத்தம் சொல்ல முடியாது. பக்கத்து ரூம்ல நாப்பது பொம்பளைக திரி சொருகிக்கிட்டு இருக்காக, குடிச்சிட்டு வந்தா நான் என்ன செய்ய முடியும் சுந்தரபாண்டின்னு கேட்டாராம். இவுக குடிக்கலன்னு சொல்லிருக்காக. சொல்லும்போதே நாக்கு கொளறிருக்கு. கொளறுன நாக்கால குடிக்கலன்னு சொன்னா எவன் நம்புவான்? வீட்டுக்கு வந்து எங்கிட்ட சொன்னாக. நான் வாய மோந்து பாத்தேன். வாட இல்ல. அப்பவும் நம்பல. வாட வராத சரக்கு ஏதோ வந்துருக்குன்னு நெனச்சேன்.

— ஊரே அப்பிடித்தான நெனச்சது.

— ஊரு நெனைக்கட்டும். நான் நெனைக்கலாமா? சத்தியம் பண்ணுங்கன்னேன். இருக்கன்குடிக்குக் கூட்டிட்டுப் போனேன். குளிச்சிட்டு ஈர வேட்டியோட சன்னதி வாசல்ல நின்னு, உள்ளங்கையில சூடத்த ஏத்திக்கிட்டு, 'நான் ஒரு சொட்டுக் குடிச்சதில்ல தாயே'ன்னாக. சொல்லி முடிக்கல, கை வெட்டி இழுத்துச்சு. எரியுற சூடம் கீழ விழுந்துருச்சு. பக்கத்துல நின்னவுகல்லாம் பொய்ச் சத்தியம், ஆத்தாளே தட்டிவிட்டுட்டான்னாக. நானும் அதத்தான் நம்புனேன் மதினி. திரும்பி வர்றப்ப பஸ்ல அவுக பக்கத்துல உக்காரல.

— இது எனக்குத் தெரியாதே.

— யார்ட்டயும் சொல்லல. கையில பொசுங்குன கொப்புளம் ஆறப் பத்து நாளாச்சு. நான் ஒரு எண்ணெய்கூடத் தடவி விடல. அதுக்கு அடுத்த மாசந்தான் அந்த வெள்ளிக்கெழம. உங்களுக்கு ஆத்தா வந்து எல்லாருக்கும் துன்னூறு போட்டுக்கிட்டு இருந்தீக. அவுக கூட்டத்துல வந்து நின்னாக. நான் பின்னால நின்னேன். 'குடிச்சிட்டு எம் வாசல்ல நிக்கானே, இவனுக்கு இந்த ஊருல எவனும் ஒரு வாய் தண்ணி குடுக்கக்கூடாது'ன்னு கைய நீட்டிச் சொன்னீக.

— சொன்னேன்.

— ஆத்தா சொன்னப்புறம் அப்பீல் ஏது? டீக்கடையில டீ இல்லன்னுட்டாக. முடிவெட்டுற கடையில உக்கார விடல. எதுக்க வந்தவுக ஒதுங்கிப் போனாக. அதுக்கப்புறந்தான் குடிச்சாக, நெசமாவே. மொத நாள் குடிச்சிட்டு வந்து எங்கிட்ட மொகத்த நீட்டி, 'இப்ப மோந்து பாரு கற்பகம், இப்ப வாட அடிக்கும்'னாக. நாலு மாசம் அப்பிடியே போச்சு. அஞ்சாவது மாசம் தோட்டத்துக் கெணத்துல கெடந்தாக.

— நிறுத்துடி. என்னால கேக்க முடியல.

— டாக்டரம்மா கேட்டதுக்கு இதான் பதிலு. நடுங்குனதுக்கப்புறந்தான் குடிச்சாக. அதுவும் நாம குடிகாரன்னு பேரு வச்சதுக்கப்புறம். ஏழு வருசமா நான் இங்கன வராதது உங்க மேல கோவத்துல இல்ல மதினி. இந்த வாசல்ல அவுக தலகுனிஞ்சு நின்னது கண்ணுக்குள்ளயே நிக்குது, அதான். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அன்னைக்கு உங்களுக்கு நெனவு கெடையாது. சொன்னது ஆத்தான்னாலும் சரி, சீக்குன்னாலும் சரி, நீங்க இல்ல. புத்தி தெளிவா இருந்தவ நான் ஒருத்திதான். அவுகளக் கொன்னது நான்தான். இத எம் மகன்கிட்டயும் சொல்ல முடியல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு, சொல்லிட்டேன். நான் கெளம்புறேன்.

— உக்காரு.

— பஸ்ஸுக்கு நேரமாச்சு. மத்தியானம் அவனுக்கு மாத்திர குடுக்கணும்.

— உக்காருடி. உன்னோடது இல்லாததையும் சேத்துத் தூக்கிட்டுப் போகாத.

— என்ன சொல்றீக?

— எம் புருசன் வெடி விபத்துல போனப்ப எனக்கு நாப்பத்திரெண்டு வயசு. அப்புறம் மூணு வருசம் நான் எப்பிடி இருந்தேன்னு நீ பாத்துருக்க. சடங்கு வீட்டுல பின்னால நில்லும்பாக. காலையில நான் எதுக்க வந்தா, வேலைக்குப் போற பொம்பளைக நின்னு ஒரு நிமிசம் கழிச்சுத்தான் போவாக. வெடிமருந்துல கை வைக்கப் போறவுகளுக்கு அந்தப் பயம் கூடுதல், அவுகளச் சொல்லிக் குத்தமில்ல. அப்பத்தான் கோயில் கொடையில, கொட்டுச் சத்தத்துல, எல்லாரும் பாக்கையில எனக்குக் கை ஆடுச்சு. எதுத்த வீட்டு முருகம்மாதான் மொதல்ல ஓடிவந்து கால்ல விழுந்தா. காலங்காத்தால வாசல்ல நிக்காதன்னு என்னையச் சொன்னவ அவதான். வேப்பெலையக் கையில குடுத்து, நெத்தி நெறைய மஞ்சளும் குங்குமமும் அப்பிவிட்டாக. மூணு வருசமா வெறும் நெத்தி கற்பகம். வந்தது என்னன்னு நான் ஏன் கேக்கப் போறேன்?

— யாருன்னாலும் கேட்டுருக்க மாட்டாக மதினி.

— கேட்டவன் ஒருத்தன் இருந்தான். அந்த வெள்ளிக்கெழமைக்கு மொத நா மத்தியானம் வந்தான். நீ உக்காந்துருக்க எடத்துலதான் உக்காந்தான். சோறு வச்சேன். சாப்பிடாம எங் கையவே பாத்தான். 'அக்கா, சாமி இல்லாதப்பவும் உனக்கு ஆடுதே'ன்னான். தங் கையத் தூக்கி எங் கைக்குப் பக்கத்துல வச்சான். ரெண்டும் ஒண்ணுபோல ஆடுச்சு. 'அய்யாவுக்கும் இதேதாங்க்கா. எத்தன நா நான் அந்தக் கையப் புடிச்சு ஊட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? வா, ரெண்டு பேரும் மதுரைக்குப் போய்க் காட்டுவோம். எனக்கும் உனக்கும் ஒரே சீக்குன்னு நீ ஒரு வார்த்த சொன்னாப் போதும், கற்பகம் என்னைய நம்பிருவா'ன்னான்.

— எம் பேரச் சொன்னாகளா?

— சொன்னான். அதுக்காகத்தான் வந்தான். நாளைக்குச் சொல்றேன்னு அனுப்பி வச்சேன். எம் பதில எதிர்பாத்துத்தான் மறுநா கூட்டத்துல வந்து நின்னான். பிரீத்திகா அப்பப் பன்னெண்டாவது படிச்சா. மதுரைக்குப் போய் டாக்டருக சீக்குன்னுட்டா, நான் மறுபடியும் பின்னால நிக்கிறவளா ஆயிருவேன். பாதி ராத்திரி வரைக்கும் அதத்தான் நெனச்சேன்.

— மதினி, வேண்டாம். சொல்லாதீக.

— மத்த நாள்ல எனக்குள்ள வந்தது ஆத்தாளா, சீக்கான்னு இப்ப வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆனா அன்னைக்கு அவன் வந்து நின்னப்ப யாரும் வரல கற்பகம். நான் மட்டுந்தான் இருந்தேன்.